ஒற்றை மாடும் கூட்டுக் கிணறும்

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டு என்னை இப்போதே முறைத்துப் பார்க்கும் அன்புச் சகோதரி அவர்களே! நாமக்கல் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் பொங்கல் கரும்பைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! 

"மேலை நாடுகளின் கூட்டணியைக் கட்டிக் காப்பது நட்பா? நலனா?" இந்தத் தலைப்பைச் சொன்னதும் எங்க வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "ஏனுங்க, அமெரிக்காக்காரனும் பிரான்சுக்காரனும் சேர்ந்தா என்ன, பிரிஞ்சா என்ன? நாமக்கல்லுல உட்கார்ந்து அதைக் கேக்கறவங்களுக்கு என்னங்க ஆகப்போகுது?" நான் பதில் பேசவில்லை. வீட்டில் பதில் பேசி ஜெயித்தவன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. மேடை வேறு. இங்கே மைக் என் கையில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கான பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பந்தலுக்குப் பின்னால் ஒரே கல்லாக நிற்கிறதே, அந்த மலைதான் பதில். அதன் உச்சியில் கோட்டை இருக்கிறது. நம்ம பிள்ளைகள் அங்கே படம் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள். லண்டனிலும் பாரிசிலும் கூட்டாளிகள் கைகுலுக்கியதும் கையை உதறியதும் இந்தக் கோட்டையின் கொடியை மாற்றியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்புச்சியும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு கூட்டுக் கிணறு வைத்திருந்தார்கள். சங்ககிரிப் பக்கம், மேட்டுக்காடு. கவலை ஓட்ட இரண்டு மாடு வேண்டும். அண்ணனிடம் ஒரு மாடு, தம்பியிடம் ஒரு மாடு. காலையில் அண்ணன் காட்டுக்குத் தண்ணீர், சாயங்காலம் தம்பி காட்டுக்கு. ஊரே சொல்லுமாம்: "ராமர் லட்சுமணரைப் பார்க்கோணும்னா அந்தக் கிணத்து மேட்டுக்குப் போங்க." பிறகு ஊருக்குள் கரண்டு வந்தது. சின்னவர் மோட்டார் போட்டார். மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டார். அண்ணனிடம் மிச்சம் ஒற்றை மாடு. ஒற்றை மாட்டை வைத்துக் கவலை ஓட்ட முடியுமா? அந்த வருஷம் அண்ணன் காட்டில் சோளம் காய்ந்தது. எங்க அம்மா கல்யாணத்துக்குச் சித்தப்பா வரவில்லை. இது நடந்து அறுபது வருஷம் ஆச்சுங்க. இரண்டு வீட்டுக்கும் இன்னமும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த அண்ணன் தம்பியைக் கட்டி வைத்தது பாசமா, மாடா? இதுதான் இன்றைய தலைப்பு. வேறொன்றுமில்லை.

சகோதரி அழகாகப் பேசினார்கள். மேலை நாடுகளை மொழி சேர்க்கிறதாம், பண்பாடு சேர்க்கிறதாம், ஜனநாயகம் சேர்க்கிறதாம். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலை, 1886-ல் பிரான்ஸ் தந்த அன்பளிப்பு, நட்புக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். நானும் தட்டினேன். சிலைக்கு நூறு வருஷம் முந்தைய கணக்கை மட்டும் அவர்கள் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். அந்தக் கணக்குப் புத்தகத்தில் சேலமும் நாமக்கல்லும் பதிவாகியிருக்கின்றன.

1768-க்குப் போவோம். முதல் மைசூர்ப் போர். சேலம், நாமக்கல், ஈரோடு எல்லாம் அப்போது ஹைதர் அலியின் கையில். கர்னல் உட் என்கிற கும்பினித் தளபதி படையோடு வந்து கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போனார். நாமக்கல் கோட்டையும் விழுந்தது. கும்பினிக் கொடி ஏறியது. அந்த வருஷம் முடிவதற்குள் ஹைதர் திரும்பி வந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டார். ஒரே வருஷத்தில் ஒரே கோட்டையில் இரண்டு தடவை கொடி மாறியது. கொடி மாறினால் நமக்கென்ன என்று கேட்கக் கூடாது. வருகிற படைக்கும் வைக்கோல் வேண்டும், போகிற படைக்கும் வைக்கோல் வேண்டும். அந்தக் காலத்துப் பீரங்கியை இழுத்தது மாடுங்க. யார் மாடு? கிணற்று மேட்டில் நிற்கிற உங்க பாட்டன், முப்பாட்டன் மாடு.

ஹைதர் சும்மா இருக்கவில்லை. 1769-ல் குதிரைப் படையோடு பாய்ந்து சென்னைப் பட்டணத்துக்குப் பக்கத்திலேயே, பரங்கிமலை வரைக்கும் போய் நின்றார். கோட்டைக்குள் இருந்த கும்பினிக் கனவான்களுக்கு வியர்த்துவிட்டது. ஏப்ரல் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் முக்கியமான சொல் ஒன்று உண்டு. யாராவது உன்மேல் படையெடுத்து வந்தால் நான் உனக்குத் துணை, என்மேல் வந்தால் நீ எனக்குத் துணை. இன்றைக்கு நேட்டோ, நேட்டோ என்கிறோமே, 1949-ல் வாஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்துப் போட்டதே, அதன் உயிர் நாடியும் இந்தச் சொல்தான். அதுவும் ஏப்ரல் மாதம்தான்! சென்னையில் அது நூற்றெண்பது வருஷம் முந்திவிட்டது.

சரி, சொன்ன சொல் நின்றதா? அடுத்த வருஷமே மராத்தியப் பேஷ்வா மாதவராவ் மைசூர் மேல் பாய்ந்தார். 1771-ல் சின்குரளியில் ஹைதர் படுதோல்வி. "ஐயா, ஒப்பந்தம் இருக்கே, படை அனுப்புங்க" என்று ஹைதர் கேட்டார். கும்பினி கையை விரித்தது. ஏன்? ஆற்காட்டு நவாபுக்கு ஹைதரைப் பிடிக்காது. சென்னைக் கவுன்சிலுக்கோ நவாபு இல்லாமல் ஆகாது. இது போதாதென்று இங்கிலாந்து ராஜா அனுப்பிய தூதர் சர் ஜான் லிண்ட்சே, மராத்தியர் பக்கம் சாய வேண்டும் என்கிறார். ஒரே அரசாங்கத்துக்குள் மூன்று குரல். மாமியார் ஒன்று சொல்ல, மாமனார் ஒன்று சொல்ல, மாப்பிள்ளை வாயே திறக்காத வீட்டில் பெண் கொடுத்தவன் கதிதான் ஹைதருக்கு.

ஹைதர் அதை மறக்கவே இல்லை. இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவேன்.

இப்போது சகோதரிக்குப் பிடித்த பிரான்ஸ்–அமெரிக்கா நட்பு. 1778 பிப்ரவரியில் இரண்டு பேரும் பாரிசில் உடன்படிக்கை செய்தார்கள். அமெரிக்கா இங்கிலாந்தை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த நேரம். ஜனநாயக நட்பாம்! பிரான்சில் அப்போது யார்? பதினாறாம் லூயி மன்னர். ராஜா போய்க் குடியரசுக்குத் துணை நிற்கிறார். கொள்கையா சேர்த்தது? இரண்டு பேருக்கும் பொது எதிரி இங்கிலாந்து. ஆளுக்கு ஒரு மாடு!

பிரான்சும் இங்கிலாந்தும் சண்டைக்கு வந்ததும் கும்பினி இங்கே என்ன செய்தது? 1778-ல் புதுச்சேரியைப் பிடித்தது. 1779 மார்ச்சில் மலபார்க் கரையில் மாஹேயைப் பிடித்தது. ஹைதருக்கு ஆயுதம் வந்து இறங்கிய துறைமுகம் மாஹே. "அது என் பாதுகாப்பில் இருக்கிறது, தொடாதே" என்று அவர் எச்சரித்திருந்தார். தொட்டார்கள். 1769-ல் செய்த சத்தியம், அதை மீறிய ஆத்திரம், இப்போது மாஹே எல்லாம் சேர்ந்துகொண்டது. 1780 ஜூலையில் பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. பாஸ்டனில் பற்றிய நெருப்பு காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டது!

அமெரிக்காக்காரன் இதைக் கேட்டு மகிழ்ந்து போனான். எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்றே பேர் வைத்தார்கள். 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் அந்தக் கப்பல், தன்னைவிடப் பலமான "ஜெனரல் மங்க்" என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது. நம்ம சேலத்தை ஆண்ட மனிதர் பேரில் அமெரிக்காவில் ஒரு போர்க்கப்பல்! இதைவிட நட்புக்கு என்ன சாட்சி வேண்டும் என்று சகோதரி அடுத்த முறை இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேர் வைத்தார்கள். அப்புறம் என்ன செய்தார்கள்? இங்கேதான் கவனிக்க வேண்டும். 1778 உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. இரண்டு பேரில் யாரும் மற்றவர் சம்மதமில்லாமல் இங்கிலாந்தோடு சமாதானம் பேசி முடிக்கக் கூடாது. 1782 நவம்பர் 30-ஆம் தேதி பாரிசில் வைத்தே, பிரான்சின் வெளியுறவு அமைச்சர் வெர்ஜேனுக்குத் தெரியாமல், அமெரிக்கத் தூதர்கள் இங்கிலாந்தோடு பூர்வாங்கச் சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வெர்ஜேன் முகம் சுளித்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் இருக்கிறாரே, கெட்டிக்காரர்! நடந்தது மரியாதைக் குறைவுதான், அதற்காக நம் உறவு கெடலாமா என்று நயமாக ஒரு கடிதம் எழுதினார். எழுதிவிட்டு, அதே பிரான்சிடம் ஆறு மில்லியன் லிவர் கடனும் வாங்கினார்! முதுகில் குத்திவிட்டு, குத்துப்பட்டவனிடமே வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்குவது என்றால் இதுதான்.

அது நடந்து ஒரு வாரம். டிசம்பர் 7, சித்தூர்ப் பக்கம் போர் முகாமில் ஹைதர் இறந்துபோகிறார். மகன் திப்பு பட்டத்துக்கு வருகிறார். அமெரிக்கா பிரான்சைக் கைவிட்டதா, 1783 ஜனவரி 20-ல் பிரான்சும் இங்கிலாந்தோடு பூர்வாங்கச் சமாதானம் செய்துகொண்டது. திப்புவைக் கேட்டார்களா? கேட்கவில்லை. சொல்லவாவது செய்தார்களா? எப்படிச் சொல்வது? செய்தி கப்பலில் வர வேண்டும், ஐந்து மாதம் ஆகும். இதற்குள் மார்ச் மாதம் புஸ்ஸி என்கிற பிரெஞ்சுத் தளபதி படையோடு வந்து இறங்குகிறார். திப்புவுக்கு ஒரே சந்தோஷம், கூட்டாளி வந்துவிட்டான் என்று! ஜூன் 13-ஆம் தேதி கடலூரில் கடும் சண்டை. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் சாவு. ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆன பிறகு, அது தெரியாமலேயே செத்தார்கள். அதில் வெள்ளைச் சிப்பாய் மட்டுமா? இரண்டு பக்கத்திலும் நம்ம சிப்பாய்கள் இருந்தார்கள்.

ஜூன் கடைசியில் கப்பல் வந்தது. செய்தி தெரிந்தது. அங்கே மங்களூர்க் கோட்டையைத் திப்பு முற்றுகை போட்டிருக்கிறார். கோட்டைக்குள் ஆங்கிலப் படை, வெளியே திப்புவோடு பிரெஞ்சுப் படை. புஸ்ஸியிடமிருந்து உத்தரவு வருகிறது: "இனி சண்டை இல்லை, ஒதுங்கிக்கொள்ளுங்கள்." பாதிக் கவலையில் ஒரு மாடு கழன்றுகொண்டது! திப்பு தனியாக முற்றுகையை நடத்தினார். 1784 ஜனவரியில் கோட்டை பணிந்தது. மார்ச்சில் மங்களூர் ஒப்பந்தம்.

பாருங்கள், கண்ணி கண்ணியாக வருகிறது. கும்பினி ஹைதரை விட்டது. அமெரிக்கா பிரான்சை விட்டது. பிரான்ஸ் திப்புவை விட்டது. திப்பு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், பாவம். அவர் அனுப்பிய மூன்று தூதர்கள் 1788-ல் வெர்சேல்ஸ் அரண்மனைக்கே போனார்கள். பதினாறாம் லூயி நன்றாக வரவேற்றார், உபசரித்தார். படை மட்டும் தரவில்லை. அடுத்த வருஷம் அவர் வீட்டிலேயே புரட்சி வந்துவிட்டது.

1790. மூன்றாம் மைசூர்ப் போர். கும்பினி இந்தத் தடவை மராத்தியரோடும் நிஜாமோடும் கூட்டு. முன்னின்று வந்த ஆங்கிலத் தளபதி யார் தெரியுமா? கார்ன்வாலிஸ். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டுப் படையிடம் சரணடைந்தாரே, சாட்சாத் அதே கார்ன்வாலிஸ்! அங்கே கூட்டணியால் தோற்றவர், இங்கே கூட்டணியால் ஜெயிக்க வந்தார். பாடம் படித்திருக்கிறார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம். திப்புவின் பாதி ராஜ்ஜியம் போச்சு. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். இரண்டு பிள்ளைகள் பிணை. கும்பினியின் பங்கில் என்ன வந்தது? பாராமகால், சேலம், நாமக்கல், சங்ககிரி, திண்டுக்கல், மலபார். அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாள் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோ. உங்க வீட்டுப் பட்டாவுக்கு மூலமான ரயத்துவாரி முறை இவர்கள் இரண்டு பேரும் இங்கே நிலத்தை அளந்ததில்தான் தொடங்கியது.

1792-லிருந்து 1799 வரைக்கும் காவிரியே எல்லை. பள்ளிபாளையம் பக்கம் கும்பினி, ஈரோடு பக்கம் திப்பு. இன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் பாலத்தைத் தாண்டி மளிகை வாங்கப் போகிறீர்களே, அன்றைக்கு அது இரண்டு ராஜ்ஜியம். அக்கரையில் பெண் கொடுத்தவன் வெளிநாட்டுச் சம்பந்தி! இந்த எல்லையை யார் போட்டது? அண்ணன் தம்பி சண்டையா? நமக்குச் சம்பந்தமே இல்லாத கூட்டாளிகளின் பங்கு பிரிப்பு.

பங்கு பிரித்தவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? 1795-ல் மராத்தியர் நிஜாம் மேல் பாய்ந்தார்கள். நிஜாம் கும்பினியைப் பார்த்தார். கவர்னர் ஜெனரல் ஜான் ஷோர் ஜன்னலைப் பார்த்தார். கர்தாவில் நிஜாம் தோற்றார். பிறகு 1799-ல் திப்பு போனார், 1818-ல் பேஷ்வா ஆட்சியும் போனது. கூட்டணியில் மிஞ்சியது ஒரே ஒரு மாடு, அது வெள்ளை மாடு.

திப்புவை நம்பிப் போராடிய கொங்கு வீரன் தீரன் சின்னமலை, கூட்டாளி செத்த பிறகும் ஆறு வருஷம் நின்றார். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கு. எங்க அப்புச்சி அந்த மலையைத் தாண்டும்போதெல்லாம் தலைத்துண்டை இடுப்புக்கு இறக்குவார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, இன்றைக்கு வருகிறேன்.

சகோதரி, அது ராஜா காலம், இப்போது அப்படியில்லை என்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் உடன்பிறப்பு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. அந்த மாதமே அமெரிக்கா லெண்ட்–லீஸ் உதவியை நிறுத்தியது. பிரிட்டன் 375 கோடி டாலர் கடன் வாங்கியது, இரண்டு சதவீத வட்டிக்கு. அதன் கடைசித் தவணையை எப்போது கட்டியது? 2006 டிசம்பரில்! உடன்பிறப்புக்கும் வட்டி உண்டு. 1956-ல் பிரிட்டனும் பிரான்சும் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தில் இறங்கின. ஐசன்ஹோவர் பவுண்டின் கழுத்தைப் பிடித்தார், இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். பிரான்ஸ் அதை மறக்கவில்லை. 1966-ல் டி கால் நேட்டோவின் ராணுவத் தலைமை அமைப்பிலிருந்தே வெளியேறினார். 2009 வரை பிரான்ஸ் திரும்பவில்லை. 2021-ல் ஆஸ்திரேலியா பிரான்சிடம் சொல்லி வைத்த நீர்மூழ்கிக் கப்பலை ரத்து செய்து அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் போனது. பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்து தூதரைத் திரும்ப அழைத்தது. 1778-லிருந்து நட்பாம்!

ஒருவருக்கு ஆபத்து என்றால் எல்லோரும் வரும் விதி நேட்டோவில் ஐந்தாவது விதி. இதுவரை ஒரே ஒரு தடவைதான் அதைக் கையில் எடுத்தார்கள். 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக. டென்மார்க் சின்ன நாடு. ஆப்கானிஸ்தானில் நாற்பதுக்கு மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்தது. அந்த டென்மார்க்கின் கிரீன்லாந்தைத்தான் 2025-ல் அமெரிக்க ஜனாதிபதி, எங்களுக்கு வேண்டும் என்றார். அதே வருஷம் கனடா மேல் வரி, ஐரோப்பா மேல் வரி. இன்றைக்கு நேட்டோவில் முப்பத்திரண்டு நாடு. ரஷ்யா பயம் இருக்கிற வரைக்கும் கிழக்கே இருக்கிறவன் இழுக்கிறான். பசிபிக் பக்கம் பார்க்கிற அமெரிக்காவுக்கோ இந்தக் கிணற்றில் முன்னைப்போல் தாகம் இல்லை.

நான் நலன் அணி. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், என் அணித் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த இடம். 1771-ல் கைவிரித்தபோது கும்பினிக்கு அது லாபமாகத்தான் தெரிந்தது, படைச் செலவு மிச்சம். ஒன்பது வருஷம் கழித்துச் செங்கம் கணவாய் வழியாக அந்த மிச்சம் வட்டியோடு வந்தது. நலன் கூட்டணியைக் கட்டுகிறது, சரி. கைவிடப்பட்டவனுக்கு ஞாபகம் இருக்கிறதே, அதை எந்த நலனும் அழிப்பதில்லை. வள்ளுவர் நட்பு என்று ஆரம்பித்து, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரம் வைத்தார். அதில் கடைசி இரண்டும் எச்சரிக்கை. அமைச்சர்கள் அந்த இரண்டையாவது படிக்கலாம்.

எங்க வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, நம்மை நண்பர் என்று அழைத்த அதே அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி போட்டது. பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டம். அந்த மாதம் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் என் மாணவன் ஒருவன் போன் செய்தான். "ஐயா, கரூர்ல ஏற்றுமதிக்காரர் ஆர்டரை நிறுத்திட்டாருங்க. அந்த வரி நம்ம தறிக்கும் வருமுங்களா?" என்றான். வரலாற்றுப் பாடத்தில் பின்பெஞ்சுல தூங்கின பையன்!

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே நிமிஷம்.

அந்தக் கூட்டுக் கிணறு இன்னும் இருக்கிறது. சின்னவர் வீட்டில் திருச்செங்கோட்டு வண்டியைக் கொண்டுவந்து ஆழ்துளை போட்டார்கள், இரண்டு தடவை. இரண்டிலும் புகைதான் வந்தது. போன மாதம் சின்னவர் பேரன் எங்க மாமா பையனைத் தேடி வந்தானாம். பழைய கிணற்றைத் தூர் வாரலாமா, செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமா என்று. அறுபது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சுவார்த்தை! மாமா பையன் உடனே பதில் சொல்லவில்லை. "எங்க தாத்தன் சோளம் காய்ஞ்ச கணக்கை முதல்ல பேசுவோம்" என்றிருக்கிறான். மத்தியஸ்தத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பொங்கலுக்குப் பட்டிமன்றம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸுக்குச் சங்ககிரி போகிறேன்.